சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு க்ரூஸ்: நாலு பேருக்கான உண்மையான விலையைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வது எப்படி?

போன கோடை விடுமுறையில் நாங்கள் நாலு பேர், நான், கணவர், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், சிங்கப்பூரிலிருந்து நாலு இரவு கப்பல் பயணம் போய் வந்தோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், நாலு மணி நேரம். அதனால்தான் மும்பைக்குப் போய்க் கப்பல் ஏறுவதைவிட இது எங்களுக்குச் சுலபமாகப் பட்டது. வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிற முதல் கேள்வி, "தலைக்கு எவ்வளவு ஆச்சு?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஏன் கடினம் என்பதில்தான் விலை விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் எடுப்பது, விமான டிக்கெட் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். நம்முடையதை மட்டும் பார்த்துவிட்டு அவர்களுடையதை மறந்துவிடாதீர்கள். பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

படி 1: கப்பலுக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்

கப்பல் கட்டணம் விமானக் கட்டணம் மாதிரிதான், கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்கும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு நம் விடுமுறை முக்கியமல்ல, சிங்கப்பூர்க்காரர்களின் விடுமுறைதான் முக்கியம். அங்கே பள்ளிகளுக்கு ஜூனில் நாலு வாரமும், நவம்பர் கடைசி முதல் டிசம்பர் முழுக்கவும் விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். இந்த நாட்களில் விலை ஏறியே இருக்கும்.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியிலேயே விடுமுறை வந்துவிடுகிறது. மே மாதத்தின் முதல் மூன்று வாரம் நமக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளி. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மே தினமும் விசாகமும் ஒட்டி வரும் நீண்ட வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காலாண்டு விடுமுறையும் பரவாயில்லை, அவர்களுடைய செப்டம்பர் விடுமுறை அதற்குள் முடிந்திருக்கும். அரையாண்டு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் அதிக விலைக்குத் தயாராக இருங்கள்.

அடுத்து கிழமை. வெள்ளிக்கிழமை கிளம்பும் மூன்று இரவுப் பயணத்தைவிட, திங்கட்கிழமை கிளம்பும் நாலு இரவுப் பயணம் பெரும்பாலும் இரவுக்கணக்கில் மலிவாக வரும். நாங்கள் எடுத்தது அதுதான்.

படி 2: எந்தக் கப்பல்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சைவம் மட்டுமே சாப்பிடுகிற பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் ஜென்டிங் ட்ரீம் கப்பலை முதலில் பாருங்கள். இந்தியக் குடும்பங்கள் நிறையப் போவதால் இந்திய சைவ உணவும் ஜைன உணவும் அதில் உண்டு. குழந்தைகளுக்கு விளையாட்டு நிறைய வேண்டும் என்றால் ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள். ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ், ஆன்தம் ஆஃப் த சீஸ் இரண்டுமே சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கின்றன. எந்தக் கப்பல் எப்போது வரும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். டிஸ்னி அட்வென்சர் சின்னக் குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அது எந்த ஊரிலும் நிற்காமல் கடலிலேயே சுற்றி வந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

விசா, வெளிநாடு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு கோர்டேலியா இருக்கிறது. மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு. சில வருடங்களாகத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கப்பல் சென்னைக்கு வந்து இலங்கைப் பக்கமும் போய் வருகிறது.

கப்பலின் தளவரைபடம் பார்க்க நான் க்ரூஸ்மேப்பர் தளத்தைப் பயன்படுத்தினேன். ஒரு கேபினுக்கு (நாம் தங்கும் அறைக்கு) நேர் மேலே என்ன இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். நீச்சல் குளமோ சாப்பாட்டுக் கூடமோ மேலே இருந்தால் அந்தக் கேபின் வேண்டாம், காலை ஐந்து மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டமும் குறைவாகத் தெரியும்.

படி 3: நாலு பேருக்கான விலை (இதில்தான் எனக்கு ஒரு வாரம் போனது)

விளம்பரத்தில் "ஒருவருக்கு இவ்வளவு முதல்" என்று போட்டிருப்பார்கள். நான் அதை நாலால் பெருக்கி, ஒரு தொகையைக் கணவரிடம் சொல்லி, அவரும் சரி என்று விட்டார். பணம் கட்டப் போகும்போது திரையில் வேறு தொகை வந்து நின்றது. அதுவும், நாலு பேர் என்று போட்டவுடன் நான் பார்த்து வைத்திருந்த கேபின் வகையே பட்டியலில் இல்லை.

காரணங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு வாரம் ஆனது.

முதல் காரணம், "ஒருவருக்கு" என்பது ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கும்போது ஒருவருக்கு. அதே கேபினில் வரும் மூன்றாவது, நாலாவது ஆளுக்கு வேறு கட்டணம், வழக்கமாகக் குறைவு. "குழந்தைகளுக்கு இலவசம்" என்ற சலுகையும் இந்த மூன்றாவது, நாலாவது ஆளுக்குத்தான்.

இரண்டாவது, வரியும் துறைமுகக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று தனி. இலவசமாக வரும் குழந்தைக்கும் இது உண்டு.

மூன்றாவது, டிப்ஸ். ஊழியர்களுக்கான இந்தத் தொகையைக் கப்பலே நாள்கணக்கில் உங்கள் பெயரில் ஏற்றிவிடும். நாங்கள் போனபோது சாதாரண கேபினுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர். குழந்தைக்கும் அதேதான். நாலு பேர், நாலு இரவு என்றால் 296 டாலர். விளம்பரத்தில் இது இருக்காது.

நாலாவது காரணம் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது: நாலு பேர் தங்கக்கூடிய கேபின்கள் ஒரு கப்பலில் குறைவு, அவைதான் முதலில் தீர்ந்துபோகும். அதோடு ஒவ்வொரு கேபினும் கப்பலின் ஒரு குறிப்பிட்ட அவசரகாலக் கூடும் இடத்தோடு சேர்ந்தது. அந்தப் பகுதிக்கான ஆள் கணக்கு நிரம்பிவிட்டால், கட்டில் காலியாக இருந்தாலும் அங்கே மூன்றாவது, நாலாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் இரண்டு பேர் என்று தேடும்போது தெரிந்த, ஜன்னல் இல்லாத மலிவான உள் கேபின், நாலு பேர் என்று போட்டதும் மறைந்து, பால்கனி மட்டும் மிஞ்சியது.

இனி கணக்கு. எண்கள் முறை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் தேதிக்குரிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் அமெரிக்க டாலரில்.

ஜன்னல் இல்லாத உள் கேபின் ஒருவருக்கு 400. பால்கனி ஒருவருக்கு 600, அதில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குத் தலைக்கு 350. வரி தலைக்கு 110. டிப்ஸ் மொத்தம் 296.

ஒரே பால்கனி கேபினில் நாலு பேர்: 1,200 + 700 + 440 + 296 = 2,636.

இரண்டு உள் கேபின், கேபினுக்கு இரண்டு பேர்: 1,600 + 440 + 296 = 2,336.

300 டாலர் குறைவு, இரண்டு குளியலறை வேறு. வளர்ந்த பெண் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். நானும் மகளும் ஒன்றில், அப்பாவும் மகனும் எதிர்க் கேபினில். பதிவு செய்யும்போது ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும்.

இதைத் தலைகீழாகவும் பாருங்கள். நாலு பேர் உள் கேபின் கிடைத்து, கூடுதல் ஆளுக்கு 250 என்றால் மொத்தம் 2,036தான். அப்போது ஒரே கேபின் லாபம். ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு விதமாகவும் தேடாமல் முடிவு செய்யாதீர்கள். நான் கூகுள் ஷீட்டில் தேதி, கேபின், வரி, டிப்ஸ், மொத்தம், மொத்தத்தை இரவுகளால் வகுத்த தொகை என்று ஆறு கட்டம் போட்டு வைத்தேன். கடைசிக் கட்டத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். "தலைக்கு எவ்வளவு" என்பதை விட்டுவிட்டு "குடும்பத்துக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள்.

படி 4: பதிவு செய்தல்

நிறுவனத்தின் தளத்தில் விலையைப் பார்த்துக்கொண்டு, அதே தேதி, அதே கேபின் வகைக்கு ஓர் ஏஜென்டிடமும் கேளுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷனைக் கப்பல் நிறுவனம் தருவதால் பெரும்பாலும் நமக்கு விலை கூடுவதில்லை. சிலர் கப்பலில் செலவழிக்கும் தொகையாகக் கொஞ்சம் திருப்பியும் தருவார்கள். ஆனால் நான் பேசிய ஒருவர், "மேடம், எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன்" என்று வாயால் சொன்னார். எழுத்தில் கேட்டபோது டிப்ஸ் அதில் இல்லை. வரி, டிப்ஸ், ரத்து விதிகள் மூன்றும் எழுத்தில் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

டெபாசிட் இரண்டு வகை. திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது. கிடைக்காதது கொஞ்சம் மலிவு. நான் திரும்பக் கிடைக்கிற வகையைத்தான் எடுப்பேன். முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்னால் வரும். அதற்குள் விலை இறங்கினால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் ரத்து செய்து புதிதாகப் போடலாம். வாரம் ஒரு முறை விலையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைத்தேன்.

கேபின் எண்ணைக் கப்பலே முடிவு செய்யும் "கேரண்டி" வகை இன்னும் மலிவாக இருக்கும். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு அது வேண்டாம். இரண்டும் வெவ்வேறு தளத்தில் போய் விழலாம்.

கிரெடிட் கார்டில் சிங்கப்பூர் டாலரிலோ அமெரிக்க டாலரிலோ கட்டினால் வங்கி தன் பங்குக்கு மாற்றுக் கட்டணம் பிடிக்கும், அதையும் ஷீட்டில் சேருங்கள். இந்திய ஏஜென்டிடம் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கப்பல் உறுதியான பிறகுதான் விமானம். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. திரும்பும் விமானம் பிற்பகலுக்கு மேல் இருக்கட்டும். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு உண்டு, மரீனா பேயில் ஒன்று, ஹார்பர்ஃப்ரன்டில் ஒன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஹோட்டல் போடுங்கள்.

படி 5: விசா

கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போதே நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. அதனால் விசாவில் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று கையில் வந்ததும் படித்துப் பாருங்கள். வழியில் கப்பல் நிற்கும் நாடுகளில், மலேசியா இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை விசா இல்லாமல் அனுமதி தந்திருக்கிறது. தாய்லாந்து விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் மாதத்தில் மறுபடி பாருங்கள்.

படி 6: கப்பலில் கையைப் பிடித்துச் செலவழிக்க

போனை ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், குழந்தைகளுடையதையும். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் பெரிதாக வரும். வைஃபை வேண்டுமென்றால் ஒரு கருவிக்கு மட்டும், பயணத்துக்கு முன்பே வாங்குங்கள்.

கரைச் சுற்றுலாவில்தான் நாங்கள் அதிகம் மிச்சம் பிடித்தோம். மலேசியாவின் பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். குவீன் தெருவில் 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோவில், சுற்றிலும் லிட்டில் இந்தியா, பூக்கடை, தமிழ்ப் பெயர்ப்பலகை. அம்மன் சன்னிதியில் நின்றபோது என் மகள், "அம்மா, நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இலைச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினோம். இதற்குக் கப்பலில் சுற்றுலா வாங்கத் தேவையே இல்லை. ஆனால் மலேசியாவின் இன்னொரு துறைமுகமான கிள்ளான் அப்படி அல்ல. அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொந்தமாகப் போய் நெரிசலில் சிக்கினால் கப்பலை விட்டுவிடும் ஆபத்து உண்டு. அங்கே மட்டும் கப்பலின் பஸ்ஸையே எடுங்கள்.

பின்சேர்க்கை 1: இணையத்தில் நிரப்ப வேண்டிய சிங்கப்பூர் வருகை அட்டையை விமானத்தில் வரும்போது ஒரு முறை நிரப்புகிறோம். கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதை நான் எழுதாமல் விட்டேன். ஒரு வாசகி கடைசி இரவு அவசர அவசரமாக வைஃபை வாங்கி நிரப்பியிருக்கிறார். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம் என்பதால் வழியில் ஏதாவது ஊரில் இறங்கும்போது முடித்துவிடுங்கள். இது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பின்சேர்க்கை 2: பெயர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். கப்பல் படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நீங்களாக இன்ஷியலைப் போட்டு நகராதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ பாஸ்போர்ட் முதல் பக்கத்தை அனுப்பி, எப்படி எழுத வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். விமான டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடமும் தனியாகக் கேளுங்கள், இரண்டு இடத்திலும் முறை ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வந்த பதில்களை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், முனையத்தில் கேட்டால் காட்டலாம்.