ஜெர்மன் இலக்கிய முதுகலை: முதல் செமினார் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

ஜெர்மனியில் ஜெர்மன் இலக்கியம் முதுகலை படிக்கப் போனால் உங்களை அதிகம் வேலை வாங்கப்போவது ஹவுஸ்ஆர்பைட், அதாவது செமினார் முடிந்ததும் எழுதித் தரவேண்டிய நீண்ட கட்டுரை. சேர்க்கை, மொழித் தேர்வு எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நேராக அங்கே வருகிறேன். உதாரணத்துக்கு, கடிதங்களாகவே எழுதப்பட்ட கதேயின் வெர்தர் நாவல். நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

முதலில், தலைப்பு யோசிக்காதீர்கள். கையில் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள். வெர்தர் 1774-இல் வந்தது. கதே அதைத் திருத்தி 1787-இல் மறுபடி வெளியிட்டார். கடையில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவம்தான் இருக்கும். இது தெரியாமல், விதவை முதலாளியம்மாவைக் காதலிக்கும் பண்ணையாள் வருகிற கடிதங்களை வைத்து, 1774-இன் வாசகர்கள் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டேன். அந்தப் பண்ணையாள் 1774 பதிப்பில் கிடையவே கிடையாது! பேராசிரியர் ஆண்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.

அதனால் ரெக்லாம் பதிப்பகம் இரண்டு வடிவங்களையும் எதிரெதிரே அச்சிட்டிருக்கும் மாணவர் பதிப்பை வாங்கிவிடுங்கள். முதல் பதிப்பின் பக்கங்களையே பார்க்க வேண்டுமென்றால் டாய்ச்செஸ் டெக்ஸ்ட்ஆர்கீவ் தளத்தில் இலவசமாக இருக்கிறது.

சரி, இப்போது ஒரே ஒரு காட்சியை இரண்டிலும் வரிவரியாக ஒப்பிடுங்கள். நடன இரவில் இடி மழை ஓய்கிறது, வெர்தர் காதலிக்கும் லோட்டே ஜன்னலருகே நின்று வெர்தரின் கைமேல் கைவைத்து 'க்ளோப்ஷ்டாக்!' என்கிறாள். கவிஞரின் பெயர், அவ்வளவுதான். 1774-இல் அந்தப் பெயரைக் கேட்டதுமே அவன் உணர்ச்சி வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறான். 1787-இல் நடுவே ஒரு வரி கூடியிருக்கிறது: அவள் மனத்திலிருந்த அந்த அருமையான பாடல் தனக்கும் உடனே நினைவுக்கு வந்ததாகச் சொல்கிறான். 13 வருடத்தில் பெயர் மட்டும் போதாமல் போய்விட்டதா? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். கோட்பாட்டு நூல்களை அடுக்கிவைத்துக்கொண்டு தலைப்பு தேடுவதைவிட இந்த வழிதான் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது சொற்கள். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். மெர்க்வூர்டிக் என்றால் இன்று 'விசித்திரமான', அன்றைக்கு 'கவனிக்கத் தக்க'. எல்லோரும் கிரிம் சகோதரர்களின் அகராதியைச் சொல்வார்கள். 1838-இல் தொடங்கி 1961-இல்தான் முடிந்த பிரமாண்டமான வேலை அது, மதிப்பு வைத்தே சொல்கிறேன், ஆனால் வெர்தர் காலத்து நூல்களுக்கு நான் முதலில் திறப்பது ஆடெலுங் அகராதியைத்தான். அவர் கதேயின் சமகாலத்தவர். இரண்டுமே ட்ரியர் பல்கலைக்கழகத்தின் வோர்ட்டர்பூஹ்நெட்ஸ் தளத்தில் கிடைக்கும்.

இதற்கப்புறம்தான் ஆய்வு நூல்களும் கட்டுரைகளும். குறிப்பெடுக்க ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கேள்வியையும் அந்தக் காட்சியையும் எழுதி எடுத்துக்கொண்டு பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: 1774 பதிப்பில் 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரித் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். குறுக்குக்கோட்டைப் பாருங்கள். 'எஃப்'புக்கு அது தண்டைத் தாண்டி வலப்பக்கமும் வரும், அந்தக் கால அச்சில் வரும் நீள வடிவ 'எஸ்'ஸுக்கு வராது. பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்தால் கண் பழகிவிடும்.