மூடுபனியில் மறைந்த எச்டி சேனல்கள்

கோத்தகிரியில் மூடுபனி இறங்கினால் போதும், எங்கள் வீட்டு எச்டி சேனல்களில் பாதி "சிக்னல் இல்லை" என்று நிற்கும். மீதி பளிச்சென்று ஓடும். எச்டிஎம்ஐ கேபிள், செட்டாப் பாக்ஸ் இரண்டையும் மாற்றியாயிற்று. டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்த தம்பி, "மலைன்னா இப்படித்தான் சார்" என்று போய்விட்டார்.

நின்றுபோன சேனல்களின் விவரத் திரையைப் பார்த்தேன். எல்லாமே ஹரிசான்டல் போலரைசேஷன், அதாவது படுக்கைவாட்டில் அதிரும் அலையில் வருபவை! பாக்ஸிலிருந்து 18 வோல்ட் வந்தால்தான் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) அதற்கு மாறும். செங்குத்தாக அதிரும் வெர்டிகலுக்கு 13 போதும். பாக்ஸை அணைத்துவிட்டு எல்என்பி கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஈரம், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. வோல்டேஜ் அங்கேதான் விழுந்திருக்கிறது.

கம்பியை நறுக்கிப் புது கனெக்டர் போட்டேன். நேற்றைய பனியில் கிரிக்கெட் முழுசாக ஓடியது, அப்பாடா! கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழே வளைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே சுற்ற ரப்பர் டேப்தான் சரி. சாதா இன்சுலேஷன் டேப் இந்த ஈரத்தில் பசை விட்டுவிடும்.