ஊதுற டெஸ்ட் ரிப்போர்ட்: எண்ணைப் பார்க்கும் முன் ஊதலைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் மூச்சு வாங்குது, வீசிங் இருக்கு என்று போனால், டாக்டர் "பி.எஃப்.டி. எடுத்துட்டு வாங்க" என்பார். குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் டெஸ்ட் அது. பல பேர் அதற்காகக் கோயமுத்தூர் வரை இறங்குகிறார்கள். கையில் வரும் தாளில் எண்கள், வளைகோடுகள், கடைசியில் கருவியே அச்சடித்த ஒரு வரி. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் படிக்கிறார்கள். இந்த டெஸ்ட் எடுப்பதே என் வேலை. என்னைக் கேட்டால் அந்த வரியைக் கடைசியாகப் படியுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஊசி குத்தினால் போதும், நம் பங்கு முடிந்தது. இதில் ஊதுபவர் முழு மூச்சாக ஊதினால்தான் எண்ணுக்கே மதிப்பு.

படி 1: தாளின் தலைப்பகுதி

வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றும் சரியா என்று பாருங்கள். "உங்களுக்கு இவ்வளவு இருக்க வேண்டும்" என்று கருவி போடும் எதிர்பார்ப்பு அளவு (தாளில் பிரிடிக்டட் என்று இருக்கும்) இவற்றிலிருந்துதான் வருகிறது. எடை பெரும்பாலான சமன்பாடுகளில் கணக்கிலேயே வராது. உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்க வேண்டும், வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதக் கூடாது. முதுகு வளைந்த பெரியவர்களுக்குக் கைகளை விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து கணக்கிட வேண்டும்.

எந்த நாட்டார் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். எதிர்பார்ப்பு அளவைக் கணக்கிட 2012-ல் வந்த உலகளாவிய ஜி.எல்.ஐ. சமன்பாட்டில் இந்தியர்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2022-ல் இனப் பிரிவே இல்லாத ஒன்று வந்தது. ஐரோப்பியர் அளவை அப்படியே வைத்தால் நல்ல நுரையீரல்கூட "குறைவு" என்று காட்டலாம்.

படி 2: ஊதல் சரியாக இருந்ததா?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதலில் மூன்று சொற்கள். முழுக்க இழுத்து, பலமாக ஊதி, கடைசிவரை வெளியேற்றிய மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு விநாடியில் வந்தது எஃப்.இ.வி.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது விகிதம்.

ஓர் உதாரணத் தாளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. 52 வயது, 150 செ.மீ. உயரம், பல வருடம் விறகடுப்பில் சமைத்த அக்கா ஒருவர். எதிர்பார்ப்பு எஃப்.வி.சி. 2.20 லிட்டர், எஃப்.இ.வி.1 1.80 லிட்டர்.

முதல் ஊதலில் இரண்டரை விநாடியில் இருமல் வரும்போல இருக்கிறதென்று குழாயை எடுத்துவிட்டார். எஃப்.வி.சி. 1.61, எஃப்.இ.வி.1 1.19, விகிதம் 0.74. இதை மட்டும் கொடுத்தால் கருவி என்ன சொல்லும்? விகிதம் பரவாயில்லை, மொத்தக் காற்று 73% தான், ஆகவே நுரையீரல் விரிவதில் குறை, அதாவது ரெஸ்ட்ரிக்‌ஷன்.

அடுத்த முறை பக்கத்தில் நின்று "விடாதீங்கக்கா, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று கத்தி ஊத வைத்தால் எஃப்.வி.சி. 2.02, எஃப்.இ.வி.1 1.22, விகிதம் 0.60. இப்போது கதையே வேறு. மொத்தக் காற்று 92%, நன்றாகவே இருக்கிறது. காற்று வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அதே நுரையீரல், அதே காலை. பாதியில் நிறுத்திய ஊதல் ஒரு வியாதியை மறைத்து, இல்லாத இன்னொன்றைக் காட்டிவிட்டது. (நாங்கள் ஏன் அப்படிக் கத்துகிறோம் என்று கோபிப்பவர்களுக்கு இதுதான் பதில்.)

இதைத் தாளில் கண்டுபிடிக்க இரண்டு படங்கள் உண்டு. நேரம்–கொள்ளளவுப் படத்தில் கோடு ஏறி, கடைசியில் தட்டையாகப் படுக்க வேண்டும். ஏறிக்கொண்டே இருக்கும்போது வெட்டுப்பட்டால் பாதியில் நிறுத்தினார் என்று பொருள். வேகம்–கொள்ளளவுப் படத்தில் தொடக்கத்திலேயே கூரான உச்சி வர வேண்டும். உச்சி மழுங்கியிருந்தால் தயங்கி ஊதியிருக்கிறார், நடுவில் பல் பல்லாக இருந்தால் இருமியிருக்கிறார். உச்சியிலிருந்து இறங்கும் கோடு நேராக வராமல், தளர்வாகக் கட்டிய துணிக்கொடிபோல உள்வாங்கித் தொய்ந்தால் அது அடைப்பின் அடையாளம்.

ஒரு நல்ல ஊதல் போதாது. சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் பெரிய இரண்டு எஃப்.வி.சி.களுக்கு இடையே வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும், எஃப்.இ.வி.1-க்கும் அதே. நம் அக்காவின் எஃப்.வி.சி.கள் 2.02, 1.96, 1.94. நம்பலாம். புதுக் கருவிகள் இதற்குக் கிரேடு போடும். ஏ என்றால் கேள்வியில்லை. பி-யும் நல்லதே. டி, இ என்றால் டாக்டரிடம் "திரும்ப எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். எஃப் என்றால் அந்த எண்களை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

படி 3: இப்போது எண்கள்

முதலில் விகிதம். 0.70-க்குக் கீழே என்றால் அடைப்பு என்பது பலர் பயன்படுத்தும் எளிய வரம்பு. ஆனால் வயதாக ஆக விகிதம் இயல்பாகவே இறங்கும். 75 வயதுத் தாத்தாவுக்கு 0.68 வந்தால் உடனே வியாதி என்று சொல்ல முடியாது, 25 வயதுப் பையனுக்கு 0.72 வந்தால் விட்டுவிடவும் முடியாது. அதனால் தாளில் எல்.எல்.என். (உங்களைப் போன்றவர்களுக்கு இயல்பின் கீழ் வரம்பு) என்றோ இசட் ஸ்கோர் (எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) என்றோ இருந்தால் அதைப் பாருங்கள். இசட் ஸ்கோர் மைனஸ் 1.645-க்குக் கீழே போனால்தான் இயல்புக்குக் குறைவு.

விகிதம் சரியாக இருந்து எஃப்.வி.சி. மட்டும் குறைந்தால் அது சந்தேகம் மட்டுமே. உறுதிப்படுத்த நுரையீரலின் மொத்தக் கொள்ளளவைத் தனியாக அளக்க வேண்டும், ஊதுற டெஸ்டால் அது முடியாது.

படி 4: மருந்துக்குப் பின்

மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்புட்டமால் மருந்தை நான்கு பஃப் கொடுத்து, 10–15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பழைய கணக்கில் 12 சதவீதமும் 200 மில்லியும் இரண்டும் சேர்ந்து கூடினால் "மருந்துக்குத் திறக்கிறது". 2022 முதல் எதிர்பார்ப்பு அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் என்று மாற்றினார்கள். நம் அக்காவுக்கு எஃப்.இ.வி.1 1.22 என்பது 1.30 ஆனது. 80 மில்லி, போதாது. அதற்காக இன்ஹேலர் வேண்டாம் என்று அர்த்தமில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காலையில் இன்ஹேலர் போட்டுக்கொண்டே வந்தவருக்கு இந்தப் படி வீண். எதை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: மலைக்கென்று ஒன்று

நெஞ்சிலிருந்து வரும் காற்று 37 டிகிரி. குளிர்ந்த கருவிக்குள் போனதும் சுருங்கும். கருவி அறை வெப்பத்தை வைத்து அதைத் திருத்திக்கொள்ளும். ஊட்டியில் மார்கழிக் காலையில் அறை 15 டிகிரி இருக்க, கருவியில் 25 என்று பதிந்திருந்தால், காற்று முழுக்க ஆறும் வகைக் கருவியில் அளவு சுமார் 5% குறைந்து வரும். 17 டிகிரிக்குக் கீழே எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. அறை சூடாகும்வரை காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தத்தையும் கருவியில் சரியாகப் பதிய வேண்டும். 3 லிட்டர் சிரிஞ்சால் அன்று சரிபார்த்தார்களா என்றும் கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வீட்டில் ஊதும் சின்ன பீக் ஃப்ளோ மீட்டர் இன்னும் தந்திரமானது. காற்றின் அடர்த்தி குறைந்த இடத்தில் அது குறைத்துக் காட்டும். மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் வந்த எண்ணோடு கோத்தகிரி எண்ணை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். ஒரே ஊரில், ஒரே மீட்டரில் உங்களுக்கு வந்த நல்ல எண்தான் அளவுகோல்.

படி 6: பழைய தாளோடு ஒப்பிடுவது

சதவீதத்தை விடுங்கள், லிட்டரைப் பாருங்கள். இடம் மாறினால் சமன்பாடும் மாறி, நுரையீரல் அப்படியே இருக்க சதவீதம் மட்டும் குதிக்கும். வயதுவந்தவர்களுக்கு எஃப்.இ.வி.1 வருடத்துக்குச் சுமார் 20–30 மில்லி குறைவது இயல்பு. வருடத்துக்கு வருடம் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுப்பார்கள். டாக்டரிடம் போகும்போது பழையதும் புதியதும் எடுத்துப் போங்கள். படங்களோடு இருக்கும் முழுத் தாள் வேண்டும். எண்களை மட்டும் போட்ட ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்தால், வளைகோடு உள்ள பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.