தடுப்பூசிக்குப் பின் தோள் தூக்க முடியவில்லையா? அமெரிக்காவில் இழப்பீடு கேட்கும் வழி

கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்கோ வேலைக்கோ வந்த சில மாதங்களிலேயே ஃப்ளூ, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்) ஊசிகளைப் போட்டுவிடுவார்கள். ஓரிரு நாள் கை கடுப்பது இயல்பு. தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே குத்த வேண்டும். சட்டைக் கழுத்தை இறக்கி உச்சியில் குத்தினால் மருந்து தசைக்குப் போகாமல் மூட்டை ஒட்டிய பையில் இறங்கிவிடும். பிறகு தலை வாரக்கூடக் கை எழாது. இதைத்தான் 'சிர்வா' என்கிறார்கள். இறுக்கமான கை வைத்த உடுப்போடு போகாதீர்கள்.

1988 முதல் நடக்கும் மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் 2017இல் சிர்வாவும் சேர்ந்தது. குடியுரிமை தேவையில்லை, ஊசி அமெரிக்காவில் போட்டதாக இருந்தால் போதும். வழக்கில் எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர்தான், ஊசி போட்டவர் அல்ல. அவர் வேலை போய்விடுமோ என்று தயங்க வேண்டாம்.

இழப்பீடு கேட்க, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. பாதிப்பு அந்தத் தோளோடு நின்று, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். வேறு காரணமும் இருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் தோள் இறுகுவது சகஜம் என்பதால் அதை அரசுத் தரப்பு கிளப்பலாம்.

பெரும்பாலும் சறுக்குவது அந்த 48 மணி நேரத்தில்தான். தைலம் தேய்த்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் "கொஞ்ச நாளா தோள் வலி" என்போம். அதுவே பதிவாகிவிடும். "இந்தத் தேதியில், இந்தக் கையில் ஊசி போட்டார்கள், அன்று ராத்திரியே வலி ஆரம்பித்தது" என்று முதல் தடவையே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், மருத்துவமனைகளில் அது இலவசம். ஊர் டாக்டரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டது மட்டும் சான்றாக நிற்காது. மருந்துக்கடையிலிருந்து ஊசிப் பதிவை வாங்கி, லாட் எண்ணையும் (மருந்துத் தொகுதியின் எண்) எந்தக் கை என்பதையும் சரிபாருங்கள். கை மாற்றிப் பதிவதுண்டு.

முதல் வலியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வாஷிங்டனிலுள்ள மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனு போய்ச்சேர வேண்டும். தடுப்பூசிப் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கும் 'வேர்ஸ்' (VAERS) தளத்தில் புகார் பதிந்தது மனு ஆகாது. அக்கி ஊசி இத்திட்டத்தில் இல்லை. கோவிட் ஊசிக்குத் தனித் திட்டம், கெடு ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான்.

மருத்துவச் செலவு, சம்பள இழப்பு போக, வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2,50,000 டாலர் கிடைக்கும். வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தருகிறது. நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் போட்ட மனு தோற்றாலும் தரலாம். உங்கள் தொகையில் பங்கு கேட்பது சட்டப்படி செல்லாது. கேட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்.