பாவநிவிர்த்தியை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார் என்பதில் திருச்சபைகளுக்குள் சண்டை இல்லை. அந்த மரணம் எவ்வாறு நம் பாவத்தை நீக்கி நம்மை மீட்கிறது (இதையே பாவநிவிர்த்தி என்கிறோம்) என்று கேட்டவுடன்தான் வழிகள் பிரிகின்றன. திரித்துவத்தையும் கிறிஸ்துவின் இரு தன்மைகளையும் சொல் சொல்லாக வரையறுத்த பழங்காலப் பொதுச்சங்கங்கள் (திருச்சபை முழுவதற்குமான ஆயர் கூட்டங்கள்), இந்தக் கேள்விக்கு ஒற்றை விளக்கம் எதையும் விதிக்கவில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணமும் அவர் 'நமக்காக' சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே, தான் ஞாயிறு பள்ளியில் கற்ற விளக்கமே முழுக் கோட்பாடு என்று எண்ணி, மற்றவற்றைக் கள்ள உபதேசம் என்று ஒதுக்குவது முதல் தவறு.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. கோபத்தில் கொதிக்கும் பிதா, குறுக்கே பாய்ந்து அடியை வாங்கிக்கொள்ளும் குமாரன் என்று பிரசங்க மேடையில் சித்திரம் தீட்டுகிறார்கள். கேட்கும் பிள்ளைகள் இயேசுவை நேசிக்கவும் பிதாவுக்கு அஞ்சி ஒளியவும் கற்றுக்கொள்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல். என் ஜீவனை ஒருவனும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்று யோவான் 10-இல் இயேசுவே சொல்கிறார். நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்ற விளக்கத்தை வலுவாக வகுத்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினும், பழங்காலத் திருச்சபைப் பிதா அகஸ்டினை மேற்கோள் காட்டி இதையே எச்சரிக்கிறார்: குமாரனுடைய இரத்தத்தைக் கண்ட பிறகு தேவன் நம்மை நேசிக்கத் தொடங்கவில்லை, நேசித்ததால்தான் குமாரனைத் தந்தார்.

கால்வினையும் அன்செல்மையும் ஒன்றாகக் குழப்புவதும் அடிக்கடி நடக்கிறது. கான்டர்பரி பேராயர் அன்செல்ம், 1098-இல் முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலில், பாவத்தைக் கடவுளுக்குரிய கனத்தைக் கொடாமல் போவதாகக் காண்கிறார். ஒன்று ஈடுசெய்தல், இல்லையேல் தண்டனை என்பது அவர் முன்வைக்கும் தெரிவு. கிறிஸ்து ஈடுசெய்தார், ஆதலால் தண்டனை விழவில்லை. கிறிஸ்து தண்டனையையே சுமந்தார் என்பது சீர்திருத்தக் காலத்தில் கூர்மை பெற்ற வாதம். இரண்டும் அருகருகே நிற்பவைதான், ஆனால் ஒன்றல்ல.

இஸ்ரவேலரின் பாவநிவிர்த்தி நாளை விவரிக்கும் லேவியராகமம் 16-ஐ அவசரமாக வாசிப்பவர்களும் தடுமாறுகிறார்கள். அங்கே இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிற்கின்றன. ஒன்று கொல்லப்பட்டு, அதன் இரத்தம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படுகிறது. பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுகிறது. மற்றதன் தலையில் ஆரோன் தன் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிடுகிறான். பாவம் சுமத்தப்பட்ட அந்தக் கடா பலிபீடத்துக்குப் போகவில்லை. உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. கழுவுதல், அகற்றுதல் என்ற இரண்டு செயல்களையும் ஒரே கடாவின்மேல் ஏற்றிச் சொன்னால், அந்த நாளின் பொருளில் பாதி போய்விடும். நம் இடத்தில் தண்டனையைச் சுமந்தவரைக் காட்ட வேண்டுமானால் ஏசாயா 53-க்குப் போகலாம். அங்கே ஆக்கினை அவர்மேல் வந்தது என்றே எழுதியிருக்கிறது.

உருவகத்தை அது தாங்கும் அளவுக்குமேல் இழுக்கவும் கூடாது. மாற்கு 10:45 இயேசுவின் ஜீவனை மீட்கும்பொருள் என்கிறது. யாரிடம் செலுத்தப்பட்டது என்று சொல்லவில்லை. ஆயரும் இறையியலாளருமான நீசா கிரகோரி அதைச் சாத்தானுக்குக் கொடுத்த விலையாக எண்ணி, கிறிஸ்துவின் மனித உடலை இரையென விழுங்கிய சாத்தான் அதற்குள் மறைந்திருந்த தெய்வீகத் தூண்டிலில் மீனைப் போல் சிக்கினான் என்பது வரை கதையை வளர்த்தார். அதே நான்காம் நூற்றாண்டில் இன்னொரு இறையியலாளரான நசியான்சு கிரகோரி கொதித்துப்போனார்: கொள்ளையனுக்கா விலை? பிதாவுக்கு என்றால், நாம் அவரிடமா சிறைப்பட்டிருந்தோம்? அந்தக் கேள்விகளுக்கு நேரான பதிலை இன்றுவரை நான் எங்கும் காணவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டைப் பற்றியும் ஒரு சொல். சிலுவை வெறும் நல்ல முன்மாதிரி என்று அவர் போதித்ததாகச் சுருக்குவது நியாயமல்ல. அங்கே வெளிப்பட்ட அன்பு நமக்குள் அன்பை மூட்டி, பாவ அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறது என்பதே அவர் அழுத்திச் சொன்னது.

கடைசித் தவறு, உயிர்த்தெழுதலை விட்டுவிட்டு, சிலுவை மரணத்தின் பெரிய வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்வது. கீழைத் திருச்சபைகள் மரணத்தின்மேல் கிடைத்த வெற்றியை ஒருபோதும் மறக்கவில்லை. மேற்கில் அதை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சுவீடன் இறையியலாளர் குஸ்டாஃப் அவுலன், 1930-களின் தொடக்கத்தில். நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக அவர் எழுப்பப்பட்டார் என்று ரோமர் 4:25 சொல்கிறது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களிலேயே இருப்பீர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, சிலுவை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.