கதவுச் சந்து நேராக வேண்டுமானால் முதலில் காரைத் தரையில் இறக்குங்கள்

புதுப்பித்த பழைய கார் ஒன்றைக் காட்டினால் நான் முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே மேலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோட்டைத்தான் பார்ப்பேன். அந்தக் கோடு, அதாவது இரண்டுக்கும் இடையிலுள்ள சந்து, ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், எத்தனை அடுக்கு பெயிண்ட் அடித்திருந்தாலும் மனம் ஒட்டாது.

இந்தக் கண்டிப்பு எனக்கு 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிள், அதாவது துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய கார், ஒன்றிலிருந்து வந்தது. வண்டியின் நடுப்பகுதிக்கு அடியில் நான்கு ஸ்டாண்டுகளைக் கொடுத்து நிறுத்தி, இரு கதவுகளையும் 4 மி.மீ. சந்து வரும்படி பொருத்தினேன். பெயிண்டும் முடிந்தது. சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி இடது கதவை மூடியபோது, அதன் பின்பக்க மேல் முனை தகட்டில் உரசி, நகத்தின் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து விழுந்தது. காரணம் கதவில் இல்லை. இரும்புக் கூரை இல்லாத உடல் நடுவில் தாங்கப்பட்டு நின்றபோது, எஞ்சினின் பாரம் முன்பக்கத்தைக் கீழே இழுத்துக் கதவு வாயின் மேற்பக்கத்தை விரித்திருக்கிறது. சக்கரங்களில் நின்றதும் நடுப்பகுதி தாழ்ந்தது, வாய் சுருங்கியது.

ஆகவே சமதளத் தரை, நான்கு சக்கரங்கள், சரியான காற்றழுத்தம், எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே அல்லது அதே எடைக்கு மணல் மூட்டை. இவை இல்லாமல் கீல் போல்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். உடல் வேறு, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் வேறு என்று இருக்கும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் தாங்கிகளையும் முன்னதாகவே மாற்றிவிட வேண்டும். நசுங்கிய பழைய ரப்பரின் மேல் சரிசெய்த சந்து, புது ரப்பர் போட்டதும் கலைந்துவிடும்.

அடுத்து, சந்து ஏன் கோணலாயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, பின்முனையில் கைகொடுத்து மெல்லத் தூக்குங்கள். வண்டியின் உடல் அசைவதற்கு முன்பே கதவு மட்டும் மேலே ஏறினால் கீலின் நடுவே ஓடும் ஊசியும் (பின்) அதைச் சுற்றிய உறையும் (புஷ்) தேய்ந்திருக்கின்றன. தேய்ந்த கீலை வைத்துக்கொண்டு போல்டை நகர்த்திச் சமாளிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், புது பின் போடுங்கள். கதவு ஆடாமல் இறுக்கமாக இருந்தும் பின்பக்க மேல் சந்து நெருக்கமாக இருந்தால், உடலே தொய்ந்திருக்கக் கூடும். கதவு வாயின் மூலைவிட்ட அளவுகளை இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருவேறி அதை வெட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முன்பே கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து நிறுத்திவிடுங்கள். இதை மறந்தால் பின்னால் எந்தக் கீலும் காப்பாற்றாது.

இனி வரிசை. நகர்த்த முடியாததிலிருந்து தொடங்கி, நகர்த்த முடிந்ததை நோக்கிப் போக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கத் தகடு வெல்டு செய்யப்பட்டது, அது அசையாது. கதவு அதற்கு இணங்க வேண்டும். முன் மட்கார்டு கதவுக்கு இணங்க வேண்டும். பானெட் மட்கார்டுகளுக்கு இணங்க வேண்டும்.

கதவைத் தொங்கவிடும்போது கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் அமைப்பு, பூட்டு எல்லாம் உள்ளே இருக்கட்டும், அந்த எடையும் கணக்கில் சேரும். பூட்டு மாட்டும் கொக்கியைக் கதவு வாயின் பின்பக்கத் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள். அது இருந்தால் கதவை மூடும்போது தூக்கிப் பிடித்து, இல்லாத நேர்த்தியைக் காட்டும். கதவு வாயைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பீடிங்கும் இப்போது வேண்டாம். எல்லா விளிம்புகளிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கதவுக்கு அடியில் ஒரு ஜாக்கி, அதன் மேல் துணி சுற்றிய மரக்கட்டை.

அளக்க நான் பயன்படுத்துவது 4 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதி. அதைச் சந்தில் வைத்து மேலிருந்து கீழே இழுப்பேன். எங்கே சிக்குகிறதோ, எங்கே தொளதொளக்கிறதோ, அங்கேயே டேப்பின் மேல் பென்சிலால் 3.5, 4, 5 என்று எழுதுவேன். பத்து செ.மீ.க்கு ஒரு எண். எழுதி முடித்தபின் இரண்டடி தள்ளி நின்று அந்த எண்களை வாசித்தால், கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கீல்களில் ஒன்றை மட்டும் தளர்த்துங்கள், அதுவும் தட்டினால் நகரும் அளவுக்கு. மேல் கீலை முன்னோக்கி நகர்த்தினால் கதவின் பின்முனை உயரும். எவ்வளவு உயரும் என்பதற்கும் கணக்கு உண்டு. கீல்களுக்கு நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 120 செ.மீ. என்றால், கீலில் 1 மி.மீ. நகர்த்தியது பின்முனையில் 3 மி.மீ. ஆகும். இது தெரியாமல் பலமாகத் தட்டித் தட்டி ஒரு நாளையே தொலைப்பவர்கள் உண்டு. இரு தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதற்குக் கண்ணை நம்பாமல் விரல்நுனியை நம்புங்கள். காற்று எதிர்ப்படும் விளிம்பு, அதாவது பின்னால் இருக்கும் தகட்டின் முன் ஓரம், துளியும் துருத்தக் கூடாது. அரை மி.மீ. உள்வாங்கி இருந்தால் நல்லது.

கதவு அமைந்ததும் கொக்கியை மாட்டுங்கள். மூடும்போது கதவு மேலேயோ கீழேயோ குதிக்காமல் நேரே உள்ளே போக வேண்டும். பிறகு புது ரப்பரை வைத்து ஒருமுறை மூடிப் பாருங்கள். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளும். இது பெயிண்டுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

மட்கார்டில் எல்லா போல்ட்களையும் விரலால் மட்டும் திருகிவிட்டு, கதவை ஒட்டிய மேல் மூலையிலிருந்து இறுக்கி வாருங்கள். தேவையான இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகலாம். பானெட்டை முதல்முறை மூடும்போது பூட்டைக் கழற்றிவிட்டு, இருவராகப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். முன்முனையின் உயரத்தை ரப்பர் நிறுத்திகளைத் திருகிச் சரிசெய்யலாம்.

போல்ட் துளையில் இடம் தீர்ந்தும் சந்து அகலமாகவே இருந்தால், கதவின் விளிம்பில் 3 மி.மீ. வெல்டிங் கம்பியைப் புள்ளி புள்ளியாக ஒட்டிக் கிரைண்டரால் தேய்த்துக் கொண்டுவரலாம். பட்டி பூசி விளிம்பை வளர்க்காதீர்கள். இரண்டு முறை கதவை அறைந்து சாத்தினால் உதிர்ந்துவிடும். நெருக்கமான இடத்தைத் தேய்க்கும்போது கவனம் தேவை. வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடித்த இடம் அது. மடிப்பு அறுந்தால் இரண்டையும் மறுபடி வெல்டு செய்தாக வேண்டும்.

பிரைமரும் பெயிண்டும் ஓரத்துக்குக் கால் மி.மீ. தடிமன் சேர்க்கும். இரண்டு ஓரங்களுக்கு அரை மி.மீ. ஆக, 4 வேண்டுமென்றால் வெறுந்தகட்டில் 4.5 வையுங்கள்.

கழற்றிப் பெயிண்டுக்கு அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு கீலையும் அது அமர்ந்திருக்கும் தகட்டையும் சேர்த்து 3 மி.மீ. துளைகள் இரண்டு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தத் துளைகளில் பிட்டைச் செருகிவிட்டுப் போல்டை இறுக்கினால் போதும். அந்த மஸ்டாங்கின் இடது கதவை இரண்டாம் முறை அப்படித்தான் மாட்டினேன். டேப் சுற்றிய 4 மி.மீ. பிட், புதுப் பெயிண்டின் நடுவே, மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தோடு இறங்கியது.