ராத்திரி தெருவில் நிற்கும் வண்டிக்கு எந்த அலாரம், எந்த டிராக்கர்?

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பெரும்பாலான வீடுகளுக்கு பைக், ஸ்கூட்டர் விட இடம் கிடையாது. ராத்திரி முழுக்க வண்டி தெருவில்தான். அதனால் கடைக்குப் போகுமுன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டி நிற்கும் இடம் உங்கள் ஜன்னலில் இருந்து கேட்கும் தூரமா? அந்தத் தெருவில் லாரி ஓடுமா? உங்கள் வண்டியின் பேட்டரி எத்தனை ஏஎச் (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு)?

சைடு லாக்கை மட்டும் நம்பாதீர்கள், பலமாக ஒரு உதை விட்டால் உடைந்துவிடும். உடைத்தபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே, பின்னால் இன்னொரு வண்டியில் வருபவன் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். இன்ஜினை நிறுத்தும் கட்-ஆஃப் கருவி இங்கே எதையும் தடுக்காது. அதனால் வரிசை இதுதான்: முதலில் சக்கரத்தை உருளவிடாத பூட்டு, அடுத்து சத்தம், கடைசியில் டிராக்கர். பணம் குறைவாக இருந்தால் கடைசியில் இருந்து வெட்டுங்கள்.

முன் சக்கரம் டிஸ்க் பிரேக் என்றால் அலாரம் வைத்த டிஸ்க் லாக் (பிரேக் தட்டில் மாட்டும் பூட்டு) நல்ல தொடக்கம். 110 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கும், மூன்றாவது மாடி வரை கேட்கும். அதனுடன் வரும் சுருள் கயிற்றை ஹேண்டிலில் மாட்ட மறக்காதீர்கள். காலையில் அவசரத்தில் பூட்டோடு வண்டியை எடுத்தால் கீழே விழுவீர்கள், தட்டைப் பிடிக்கும் பிரேக் காலிபரும் போகும். பல மாடல்களில் எல்ஆர்44 பட்டன் பேட்டரி 6 இருக்கும். கடல் காற்றில் அதன் முனைகளில் களிம்பு ஏறிவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடையுங்கள். டிரம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் லாக் பொருந்தாது, சங்கிலிதான். அதைச் சக்கரத்தில் மட்டும் கோர்க்காமல் சேஸிஸோடும் சேர்த்துக் கோர்த்துவிடுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது, தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் சீக்கிரம் விட்டுவிடும். பக்கத்து வீட்டு வண்டியோடு சேர்த்துக் கட்டுவது நல்ல வழக்கம். மின்கம்பத்திலும் பில்லர் பாக்ஸிலும் (தெருவோர மின் பெட்டி) மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள், மழையில் மின்கசிவு இருந்தால் தொட்டவர் உயிர் போகும்.

வண்டியில் பொருத்தும் சைரனில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை ஓரத்தில் கன்டெய்னர் லாரி போனாலே தரை அதிரும். கொருக்குப்பேட்டையில் ரயில் போனாலும் அப்படித்தான். கடையில் இருந்து வரும்போது சென்சார் அதிக உணர்திறனில் இருந்தால் ராத்திரி நாலு முறை கத்தும். மறுநாள் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், மூன்றாம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். அணைத்து வைத்த அலாரம் இருந்தும் பயனில்லை. ஆகவே அதிர்வை மட்டும் பார்க்கும் சைரனை விட, வண்டி சாய்வதையும் நகர்வதையும் பார்க்கும் சென்சார் உள்ளதை வாங்குங்கள். முதல் தட்டலுக்குச் சின்ன எச்சரிக்கை ஒலி, தொடர்ந்து அசைந்தால் முழுச் சத்தம் என்று இரண்டு படி இருக்க வேண்டும். 30 வினாடியில் தானாக நிற்க வேண்டும். பொருத்திய அன்று ராத்திரியே சோதியுங்கள்: லாரி போகும்போது வாய் திறக்கக் கூடாது, ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்தினால் கத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உணர்திறனை நிறுத்துங்கள்.

டிராக்கர் என்பது ஜிபிஎஸ் மட்டுமல்ல. இடத்தைக் கண்டுபிடிப்பது ஜிபிஎஸ், அதை உங்கள் போனுக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் சிம். மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் 2ஜி மட்டுமே. ஜியோவில் 2ஜி கிடையாது, அந்தக் கருவியில் ஜியோ சிம் போட்டால் ஊமைதான். 4ஜி உள்ளதையே கேளுங்கள். சிம் யார் பெயரில், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று பில் போடுமுன் கேளுங்கள். ரீசார்ஜ் முடிந்த டிராக்கர் வெறும் பெட்டி. ஏஐஎஸ் 140 (வாகன டிராக்கர்களுக்கான அரசுத் தர விதி) சான்று உள்ளது என்று விலை ஏற்றிச் சொன்னால் மயங்க வேண்டாம், அந்த விதியில் இருந்து இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

சைரனும் டிராக்கரும் வண்டி பேட்டரியில் இருந்துதான் மின்சாரம் எடுக்கும், அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சைரன் 5 மில்லிஆம்பியர், தூங்கும் நிலையில் (வண்டி நிற்கும்போது குறைவாக மின்சாரம் எடுக்கும் நிலை) டிராக்கர் 10 என்றால் மொத்தம் 15. ஒரு நாளுக்கு 0.36 ஏஎச். சின்ன வண்டியின் 4 ஏஎச் பேட்டரியில் பாதி, அதாவது 2 ஏஎச், ஐந்தரை நாளில் காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் செல்ஃப் எடுக்காது. அதனால் தூங்கும் நிலை இல்லாத டிராக்கரை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே தனி பேட்டரியும் இருக்க வேண்டும். திருடன் வண்டி பேட்டரியைக் கழற்றிய உடனே ‘மின்சாரம் துண்டிப்பு’ என்று தகவல் அனுப்புவது அதுதான்.

டிராக்கரைப் பொருத்தும்போது சீட்டுக்கு அடியில் பேட்டரி பக்கத்திலேயே வைக்காதீர்கள், திருடன் முதலில் தேடும் இடம் அது. பிளாஸ்டிக் சைடு கவருக்கு உள்பக்கமோ ஹெட்லைட் கூட்டுக்குப் பின்னாலோ நல்லது. இரும்பு டேங்குக்கு அடியில் வைத்தால் ஜிபிஎஸ் எடுக்காது. சைலன்சர் சூடும் படக் கூடாது. ஐபி67 என்ற தண்ணீர், தூசி தாங்கும் தரம் பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும், வயர் இணைப்புக்கு அல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும்போது முதலில் கெடுவது அந்த இணைப்பு. வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலையை அனுமதிக்காதீர்கள். ஈயம் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடச் சொல்லுங்கள். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வயர் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள்: சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் வருவதுதான் சாவி வயர். வாரண்டி உள்ள பிஎஸ்6 வண்டியில் கம்பெனி வயரிங்கை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைவில் இருந்தே இன்ஜினை நிறுத்தும் ரிமோட் கட்-ஆஃப் ரிலே போட்டால், ஓடும்போது அது வேலை செய்யாதபடி வேக வரம்பு வைக்க முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

குறுகிய சந்துகளில் இருபுறமும் மாடி இருப்பதால் நிற்கும் வண்டியே 20, 30 மீட்டர் நகர்ந்ததாகக் காட்டும். வண்டி தாண்டினால் எச்சரிக்கும் எல்லை வட்டத்தை ஆப்பில் 50 மீட்டர் என்று வைத்தால் பொய் எச்சரிக்கை கொட்டும், 150 முதல் 200 சரி. போனில் அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்பை நீக்கி, ‘தொந்தரவு செய்யாதே’ பட்டியலிலும் விலக்குக் கொடுங்கள். அழைப்பாக வரும் எச்சரிக்கை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு வெறும் மெசேஜ் யாரையும் எழுப்பாது.

ஆப்பிளின் ஏர்டேக் மாதிரி புளூடூத் டேக் பக்கத்தில் ஐபோன் இருந்தால்தான் இடம் காட்டும். கூடவே வருவதைத் திருடனின் போனுக்கும் அது சொல்லிவிடும். இரண்டாவது துணையாக ஒளித்து வைக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

வண்டி போய்விட்டால் மேப்பைப் பார்த்துத் தனியாகத் துரத்தாதீர்கள். 100 அல்லது 112-ஐ அழைத்து, லைவ் லிங்க்கோடு உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குப் போங்கள். எஃப்ஐஆர் நகல் வாங்கிய கையோடு இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள், தாமதத்தைக் காட்டியே கிளெய்மை மறுப்பார்கள். இரண்டு ஒரிஜினல் சாவியும் கேட்பார்கள். இரண்டாவது சாவியை வண்டி டூல் பாக்ஸில் போட்டிருந்தால் இன்றே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.